எண்ணப்பட்ட கண்ணிகளும் எண்ணப்படாத கைகளும்: குரோஷாச் செவ்வகத்தின் வரலாறு

தில்லிக் குளிர்காலத்தில் வெயில் என்பது தேடிச் சென்று அமர வேண்டிய ஓர் இடம். டிசம்பர் பிறந்ததும் முனிர்காவின் டி.டி.ஏ. குடியிருப்புப் பூங்காக்களிலும், ஊர்ப்பகுதியின் ஒடுங்கிய சந்துகளுக்கு மேலே இருக்கும் மொட்டை மாடிகளிலும் நாற்காலிகளும் கயிற்றுக் கட்டில்களும் வெயிலோடு சேர்ந்து நகரத் தொடங்கும். அவற்றில் அமர்ந்திருக்கும் பெண்களின் மடியில் வேர்க்கடலை இருக்கும். இல்லையேல் ஒரு கம்பளி நூல்கண்டு இருக்கும். பெரும்பாலோர் கையில் இரண்டு நீண்ட ஊசிகள். சிலர் கையில் மட்டும் முனையில் வளைவு கொண்ட ஒற்றைக் கொக்கி. மத்திய அரசுப் பணியை ஒட்டித் தெற்கிலிருந்து வந்து இராமகிருஷ்ணபுரத்தையும் முனிர்காவையும் வாழ்விடமாக்கிக்கொண்ட தமிழ்க் குடும்பங்களின் பெண்கள் பலருக்கு இந்தக் கொக்கி பள்ளித் தையல் வகுப்பிலேயே அறிமுகமானது. ஊரில் அதற்குப் பெயர் குரோஷா ஊசி.

'என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்?' என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் விடை 'சும்மாதான்' என்பதே. மடியில் ஒரு குழந்தைப் போர்வை பாதி வளர்ந்து கிடக்கும்போதும் விடை அதுவே. இந்தச் 'சும்மா' என்ற சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. அது அயர்லாந்தின் பஞ்சத்தையும், ஆந்திரக் கடலோரத்துச் சிற்றூர்களையும், இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் படிவங்களையும் கடந்து வந்த வரலாறு. அதைப் புரிந்துகொள்ளக் குரோஷாவில் மிக எளிய பொருளாகிய நீள்சதுரத் துண்டிலிருந்து தொடங்குவது பொருத்தம்.

குரோஷே என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குச் சிறு கொக்கி என்பது பொருள். இந்தக் கலையின் அடிப்படைப் பின்னல்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. முதலில் நூலில் ஒரு சுருக்குக் கண்ணி. கொக்கியில் நூலைச் சுற்றி அக்கண்ணியின் வழியே இழுத்தால் ஒரு சங்கிலி. வேண்டிய அகலம் வரும்வரை சங்கிலியை நீட்டினால் அடிவரிசை கிடைக்கிறது. பின்பு அதன் ஒவ்வொரு கண்ணியிலும் கொக்கியை நுழைத்து நூலை வெளியே இழுத்து, கொக்கியிலிருக்கும் இரண்டு கண்ணிகளையும் ஒருசேரக் கடந்தால் ஒற்றைப் பின்னல். நுழைக்கும் முன்பே ஒரு சுற்று நூலை ஏற்றிக்கொண்டு, இரண்டிரண்டு கண்ணிகளாக இருமுறை கடந்தால் இரட்டைப் பின்னல். அமெரிக்கர் ஒற்றை என்று அழைப்பதைப் பிரித்தானியர் இரட்டை என்று அழைப்பர். ஆகவே பழைய ஆங்கிலப் பின்னல் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு இன்றைய காணொளியைப் பார்ப்பவர்கள் தடுமாறுவது இயல்பு. இவ்வளவு தெரிந்தால் போதும். கழுத்துத்துண்டு, போர்வை, மேசை விரிப்பு, தலையணை உறை, ஒரு காலத்தில் தமிழ்நாட்டு நடுத்தர வீடுகளில் வானொலிப் பெட்டியின் மீதும் பின்பு தொலைக்காட்சிப் பெட்டியின் மீதும் கிடந்த வெள்ளை விரிப்பு ஆகிய அனைத்தையும் பின்னிவிடலாம்.

எளிமையான இந்த வடிவம் ஒன்றே ஒன்றைக் கறாராகக் கேட்கிறது. அது எண்ணிக்கை. ஒரு வரிசை முடிந்து துண்டைத் திருப்பும்போது உயரத்துக்காக ஒற்றைப் பின்னலுக்கு ஒரு சங்கிலியும் இரட்டைப் பின்னலுக்கு வழக்கமாக மூன்று சங்கிலிகளும் ஏற்ற வேண்டும். அந்தத் திருப்பச் சங்கிலியை ஒரு பின்னலாகக் கணக்கில் கொள்வதா இல்லையா என்பதில் தடுமாறினால், வரிசைக்கு ஒரு கண்ணி கூடும் அல்லது குறையும். முதல் சில வரிசைகளில் கண்ணுக்குத் தெரியாது. இருபதாம் வரிசையில் செவ்வகம் சரிந்து கூம்பிக்கொண்டிருக்கும். கற்றுக்கொள்பவர் ஒவ்வொருவரும் ஒரு முறையேனும் செய்யும் பிழை இது. விடுபடுவது பெரும்பாலும் ஓரத்தில் இருக்கும் கண்ணியே. 

இரட்டை ஊசிப் பின்னலிலிருந்து குரோஷாவைப் பிரித்துக்காட்டும் மற்றொரு தன்மையும் உண்டு. ஊசிப் பின்னலில் ஒரு வரிசை முழுவதும் ஊசியின் மேல் உயிரோடு நிற்கும்; ஊசி நழுவினால் வரிசை கலையும். குரோஷாவில் எந்த நேரத்திலும் ஒரே ஒரு கண்ணி மட்டுமே திறந்திருக்கும். அடுப்பில் பால் பொங்கினால், தொட்டிலில் குழந்தை அழுதால், வாசலில் யாரேனும் அழைத்தால் அந்த ஒரு கண்ணியைச் சற்றே நீட்டிவிட்டு எழுந்து செல்லலாம். திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வீட்டுவேலையின் இடுக்குகளில் புகுந்துகொள்ளும் இந்த இயல்பே குரோஷாவின் வரம். பின்னாளில் அதுவே அதன் வினையும் ஆயிற்று.

இக்கலை மிகப் பழமையானது என்ற எண்ணம் பரவலாக உண்டு. சான்றுகள் அவ்வாறு சொல்லவில்லை. குரோஷாவின் வரலாற்றை விரிவாக ஆராய்ந்த டென்மார்க்கின் லிஸ் பலுடான், ஐரோப்பாவில் 1800க்கு முன்பு இது இருந்ததற்கு உறுதியான சான்று இல்லை என்ற முடிவுக்கே வந்தார். ஸ்காட்லாந்தின் எலிசபெத் கிராண்ட் தம் நினைவுக்குறிப்புகளில் 1812ஆம் ஆண்டைப் பற்றி எழுதும்போது 'இடையர் பின்னல்' என்ற ஒன்றைக் குறிப்பிடுகிறார். கொக்கியால் கம்பளி நூலைக் கோத்து நெருக்கமான துணியாக்கும் எளிய முறை அது. அச்சில் வந்த பழைய குரோஷாக் குறிப்புகள் 1823ஆம் ஆண்டு 'பெனலோப்பே' என்ற டச்சு இதழில் காணப்படுகின்றன.

இதற்கு முன்கதையாக ஓர் இந்தியத் தொடர்பைச் சுட்டும் கருத்தும் உண்டு. சட்டத்தில் இறுக்கிய துணியின் மீது கொக்கி முனை கொண்ட ஊசியால் சங்கிலித் தையல் இடும் ஆரி வேலை, கச்சுப் பகுதியின் தோல்தொழிலாளர்களாகிய மோச்சிகளிடம் வளர்ந்த கலை. இன்று தமிழ்நாட்டில் மணப்பெண் ரவிக்கைகளின் வாயிலாக ஊர்தோறும் வகுப்பெடுக்கப்படும் அதே ஆரி. இதனை ஒத்த கொக்கித் தையல் பதினெட்டாம் நூற்றாண்டில் கிழக்கிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்று 'டாம்பூர்' என்ற பெயரில் பரவியது. அடியிலிருக்கும் துணியை நீக்கிவிட்டுக் காற்றிலேயே சங்கிலி பின்னத் தொடங்கியபோது குரோஷா பிறந்தது என்பது அக்கருத்து. இது முற்ற நிறுவப்பட்டதன்று. எனினும் இரண்டு கொக்கிகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர்க்கு உறவு விளங்கும்.

கைவேலையாக இருந்த குரோஷாவைப் பிழைப்பாக மாற்றியது பசி. 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. 1852 வரை நீடித்த பெரும்பஞ்சத்தில் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் மாண்டனர்; அதே அளவினர் கடல் கடந்தனர். கன்னியர் மடங்களும் சில மேட்டுக்குடிப் பெண்களும் பஞ்சத்தில் வாடிய குடும்பங்களுக்குக் குரோஷாவைக் கற்றுக்கொடுத்தனர். நூலும் ஒரு கொக்கியும் மட்டுமே மூலதனம். விலையுயர்ந்த வெனிசு நகர லேஸின் தோற்றத்தைக் கொக்கியால் விரைவாகவும் மலிவாகவும் கொண்டுவர முடிந்தது. கார்க் நகரம் ஒரு மையமாயிற்று. மோனகன் மாவட்டத்தின் குளோன்ஸ் ஊரில் 1847இல் பாதிரியார் ஒருவரின் மனைவியாகிய கசாண்ட்ரா ஹேண்ட் இத்தொழிலைத் தொடங்கிவைத்தார். அங்கே ஒரு குடும்பம் ஒரு பூவை மட்டும் பின்னும்; இன்னொரு குடும்பம் ஓர் இலையை மட்டும் பின்னும்; வேறொருவர் அவற்றை இணைத்து முழுப் பொருளாக்குவார். இந்த வேலைப் பிரிவினையை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. கோதாவரிக் கரையில் அதை மீண்டும் சந்திக்க நேரும்.

அயர்லாந்து லேஸை விரும்பி வாங்கியோருள் விக்டோரியா அரசியும் ஒருவர். அரசிக்கும் குரோஷா தெரியும். தென்னாப்பிரிக்கப் போர் நடந்துகொண்டிருந்த 1900ஆம் ஆண்டில், எண்பது வயதை எட்டிய நிலையில், வீரர்களுக்குப் பரிசாக எட்டுக் கழுத்துத்துண்டுகளை அவரே காக்கி நிறக் கம்பளியில் பின்னினார். பகட்டில்லாத நீண்ட செவ்வகங்கள் அவை. முனையில் அரசியின் பெயரெழுத்துகள். அவை யார் யாருக்குச் சென்றன என்ற பட்டியல் உண்டு. கனடாவின் ரிச்சர்ட் தாம்சன், ஆஸ்திரேலியாவின் ஆல்ஃபிரட் டு ஃபிரேயர் முதலியோர் பெற்ற துண்டுகளைப் பற்றிக் கட்டுரைகள் எழுதப்பட்டிருக்கின்றன. அந்நாடுகளின் போர் அருங்காட்சியகங்கள் அவற்றைப் பேணுகின்றன. நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பின்னும் ஒவ்வொரு துண்டும் கணக்கில் இருக்கிறது. பின்னிய கை அரசியின் கையாக இருந்ததே காரணம்.

அதே நூற்றாண்டில், அதே பேரரசின் இன்னொரு மூலையில் நிலைமை வேறு. தமிழ்ப் பகுதியில் நூல்வேலையின் மிஷனரி வரலாறு நாகர்கோவிலில் தொடங்குகிறது. 1819இல் அங்கு வந்த இலண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட், பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி நடத்தி, லேஸ் வேலையும் கற்பித்தார். அது கொக்கியால் அன்றி, தலையணை மீது குண்டூசிகளை நட்டு நூற்சுருள்களை மாற்றி மாற்றிப் பின்னும் வேறு வகை லேஸ். திருவிதாங்கூரில் அடிமை முறை 1855இல்தான் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் அடிமைக் குடும்பங்களில் பிறந்த பெண்பிள்ளைகள் சிலர் லேஸ் வருவாயைக் கொண்டு தம் விடுதலைக்கான தொகையைச் செலுத்தினர். மார்த்தாவின் மகள் எலைசா 1844இல் இராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கு அக்கலையைக் கொண்டுசென்றார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எழுதியவரைத் தமிழுலகம் நன்கறியும். அவர் வீட்டுத் திண்ணையை ஒட்டி வளர்ந்த லேஸ் பள்ளியை அறிந்தோர் குறைவு. அங்கு பின்னிய பெண்களின் பெயர்களை அறிந்தோர் அதனினும் குறைவு.

கொக்கி லேஸ் வேரூன்றியது கோதாவரிப் படுகையில். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஸ்காட்லாந்து மிஷனரிகள் வழியே வந்த குரோஷா, முதலில் தாழ்த்தப்பட்ட சாதிகளிலிருந்து கிறித்தவத்துக்கு மாறிய பெண்களிடம் பரவியது. இருபதாம் நூற்றாண்டில் மேற்குக் கோதாவரி மாவட்டத்தின் நரசாபூரும் பாலகொல்லுவும் ஏற்றுமதி மையங்களாயின. காலப்போக்கில், வெளியே வயல்வேலைக்குச் செல்வதைக் கௌரவக் குறைவாகக் கருதிய காப்பு முதலிய சாதிகளின் ஏழைப் பெண்களிடமும் அது பரவியது. மேசை விரிப்புகளும் சிறு தட்டு விரிப்புகளும் ஐரோப்பா, ஆஸ்திரேலியா, அமெரிக்கா எனக் கப்பலேறின.

1970களின் இறுதியில் ஜெர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ் நரசாபூரில் கள ஆய்வு செய்தார். 'நரசாபூரின் லேஸ் பின்னுவோர்' என்ற அவருடைய நூல் 1982இல் வெளிவந்தது. பெண்ணுழைப்பு பற்றிய ஆய்வுகளில் இன்றும் விலக்க முடியாத நூல் அது. அவர் கண்ட அமைப்பு இதுதான்: ஏற்றுமதி வணிகர் நூலை முகவரிடம் கொடுப்பார். முகவர் வீடு வீடாகச் சென்று நூலை எடைபோட்டுக் கொடுத்து, பின்னப்பட்டதை எடைபோட்டு வாங்குவார். ஒரு பெண் பூவை மட்டும் பின்னுவார். இன்னொரு பெண் துண்டுகளை இணைப்பார். தாம் பின்னியது எந்த நாட்டில் எந்த மேசையின் மீது கிடக்கும் என்பது இருவருக்கும் தெரியாது. குளோன்ஸ் ஊரின் பிரிவினை இங்கே முழு வணிக அமைப்பாக இறுகியிருந்தது. வணிகர் அனைவரும் ஆண்கள். பின்னுவோர் அனைவரும் பெண்கள். நாள்தோறும் ஆறு முதல் எட்டு மணி நேரம் பின்னியும் பெண்களின் நாள் வருவாய் ஒரு ரூபாயைக்கூட எட்டவில்லை.

அந்தக் கூலி வெறும் ஏமாற்றினால் மட்டும் நிலைநிற்கவில்லை என்பதே மீஸின் முதன்மையான வாதம். அதைத் தாங்கி நின்றது ஒரு வரையறை. இப்பெண்கள் தொழிலாளர் அல்லர், இல்லத்தரசியர். அவர்கள் செய்வது வேலையன்று, ஓய்வு நேரத்துப் பொழுதுபோக்கு என்று வணிகர் கூறினர். கணவன்மார் அதை ஏற்றனர். வெளியே கூலிக்குச் செல்லாமல் வீட்டில் 'அமர்ந்திருப்பது' தரும் மதிப்பின் பொருட்டுப் பெண்கள் பலரும் அதை ஏற்றனர். அப்பகுதியில் ஏறத்தாழ ஓர் இலட்சம் பெண்கள் லேஸ் பின்னினர் என்பது மீஸின் மதிப்பீடு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலோ அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தொழில் செய்வோராகப் பதிவாகவே இல்லை. அந்நியச் செலாவணி கணக்கில் ஏறியது. ஈட்டிக்கொடுத்த கைகள் ஏறவில்லை. வரிசையின் ஓரத்தில் இருந்த கண்ணி விடுபட்டதால் செவ்வகம் சரிந்தது என்று இதைச் சொல்லலாம். ஆனால் இங்கே விடுபட்டது ஓரக் கண்ணி மட்டுமன்று, ஏறக்குறைய வரிசை முழுவதும்.

இந்த விடுபடலைச் சரிசெய்யும் முயற்சிகளுள் பல தில்லியிலேயே நடந்தன. இந்தியப் பெண்களின் நிலை பற்றி ஆராய அமைக்கப்பட்ட குழு, வீணா மஜும்தாரை உறுப்பினர் செயலராகக் கொண்டு 'சமத்துவத்தை நோக்கி' என்ற அறிக்கையை 1974இல் முடித்தது. பெண்கள் பொருளாதாரத்தின் விளிம்புக்குத் தள்ளப்படுவதை அது எண்களோடு காட்டியது. எலா பட் 1972இல் அகமதாபாத்தில் தொடங்கிய சேவா அமைப்பு, வீட்டில் அமர்ந்து பீடி சுற்றுவோரையும் தையல் தைப்போரையும் தொழிலாளர் என்றே அழைத்தது. அவர் தலைமையிலான ஆணையம் 1988இல் 'சிரமசக்தி' அறிக்கையை அளித்தது. 1991 கணக்கெடுப்பில், பெண்ணிய ஆய்வாளர்களின் வலியுறுத்தலுக்குப் பின், குடும்ப நிலத்திலும் குடும்பத் தொழிலிலும் கூலியின்றிச் செய்யும் வேலையும் வேலையே என்று வினாவிலேயே சேர்க்கப்பட்டது. வீட்டிலிருந்து தொழில் செய்வோர்க்கான 177ஆம் உடன்படிக்கையைப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1996இல் நிறைவேற்றியது. இந்தியா அதில் இன்னும் ஒப்பமிடவில்லை. 2020இன் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் வீட்டுவழித் தொழிலாளர் என்ற வகையை வரையறுத்துள்ளது.

நேரத்தையே எண்ணும் முயற்சியும் நடந்தது. 1998–99இல் தமிழ்நாடு உள்ளிட்ட ஆறு மாநிலங்களில் நேரப் பயன்பாட்டு முன்னோட்ட ஆய்வு ஒன்று மேற்கொள்ளப்பட்டது. நாடு முழுவதற்குமான முதல் ஆய்வு 2019இல் நிகழ்ந்தது. வீட்டாருக்கான ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களைச் செலவிட்டனர். அதில் ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்களை மட்டுமே செலவிட்டனர். 'சும்மா இருத்தல்' என்பதன் அளவு ஏறத்தாழ ஐந்து மணி நேரம் என்று முதன்முறையாக எண்ணில் தெரிந்தது.

இந்தப் பின்னணியில் சென்னையில் நிகழ்ந்த ஒன்றைப் பார்க்க வேண்டும். சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய 'மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்' என்ற குழு முகநூலில் ஒன்றுகூடிய பெண்களின் குழு. உலகின் மிகப் பெரிய குரோஷாப் போர்வையைப் பின்னுவது என்று அவர்கள் முடிவெடுத்தனர். திட்டம் எளிமையானது: ஆளுக்குச் சில சதுரங்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலமும் நீளமும், தெரிந்த அடிப்படைப் பின்னல் போதும். இந்தியாவின் பல ஊர்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் சதுரங்கள் சென்னைக்கு வந்தன. பெருவெள்ளம் நகரை மூழ்கடித்த 2015 டிசம்பரைத் தாண்டி, 2016 ஜனவரி 31 அன்று அவை இணைக்கப்பட்டு விரிக்கப்பட்டன. கின்னஸ் அளந்தது: 11,148.5 சதுர மீட்டர். இரண்டு ஏக்கர் நிலத்தை முக்கால் ஏக்கர் மிஞ்சிய பரப்பு. பின்பு அது பிரிக்கப்பட்டுத் தனித்தனிப் போர்வைகளாக ஏழைகளுக்கு வழங்கப்பட்டது.

அவர்களுக்கு முன் அந்தச் சாதனையை வைத்திருந்தோர் தென்னாப்பிரிக்கர். நெல்சன் மண்டேலாவின் 67 ஆண்டுப் பொதுவாழ்வை நினைந்து 67 போர்வைகள் பின்னலாம் என்று 2013 இறுதியில் கரோலின் ஸ்டெய்ன் தொடங்கிய சிறு முயற்சி, நாடு தழுவிய இயக்கமாக வளர்ந்திருந்தது. சென்னையின் சாதனையையும் அவர்கள் சில மாதங்களில் முறியடித்தனர். மண்டேலா 1990இல் விடுதலையாகி நடந்து வெளிவந்த சிறையின் வளாகத்தில் அப்போர்வை விரிக்கப்பட்டது. சிறைவாசிகளும் அதற்காகப் பின்னியிருந்தனர். சென்னைக் குழுவும் ஓயவில்லை. 2017இல் 14 கிலோமீட்டரைத் தாண்டிய கழுத்துத்துண்டு ஒன்றைப் பின்னி இன்னொரு சாதனையைப் படைத்தது. அதுவும் செவ்வகமே; அகலம் குறைந்து நீளம் மிகுந்த செவ்வகம்.

இந்தப் பரப்புக்குள் ஒடுங்கியிருக்கும் உழைப்பைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். நடுத்தரப் பருமனுள்ள கம்பளி நூலில் ஒற்றைப் பின்னல் போட்டால் 10 சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 14 பின்னல்களும் 16 வரிசைகளும் அமையும். ஒரு மீட்டர்ச் சதுரத்துக்கு 140 பின்னல்கள், 160 வரிசைகள். ஆக 22,400 பின்னல்கள். பழகிய கை நிமிடத்துக்கு 20 பின்னல் போடும் என்று கொண்டால் 18 மணி நேரத்துக்கும் மேல். உயரம் மிகுந்த இரட்டைப் பின்னலில் இது ஏறக்குறையப் பாதியாகக் குறையலாம். அவ்வாறு குறைத்தே கணக்கிட்டாலும் சென்னையில் விரிந்து கிடந்தது ஒரு இலட்சம் மணி நேரம். சமையலுக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கும் முதியோர் பராமரிப்புக்கும் இடையில், ஒரே ஒரு கண்ணியை நீட்டி வைத்துவிட்டு எழுந்து எழுந்து சென்று சேர்த்த ஒரு இலட்சம் மணி நேரம்.

நரசாபூரின் பின்னலும் சென்னையின் பின்னலும் கைவினையளவில் ஒன்றே. கொக்கி ஒன்று, சங்கிலி ஒன்று, திருப்பம் ஒன்று. வேறுபாடு நூல் யாருடையது, முடிந்த பொருள் யாரிடம் செல்கிறது, பெயர் எங்கே எழுதப்படுகிறது என்பதில் இருக்கிறது. சென்னைப் பெண்கள் தம் நூலைத் தாமே வாங்கினர். தம் விருப்பத்தால் பின்னினர். தம் சதுரம் எங்கே இருந்தது என்பதை அறிந்திருந்தனர். அது கொடை. கொடைக்குக் கூலி கேட்பதில்லை. ஆனால் கொடையாகக் கொடுக்க ஓய்வும் நூல் வாங்கப் பணமும் வேண்டும். நரசாபூர்ப் பெண்ணுக்கு இரண்டும் இல்லை. இருவர் வேலைக்கும் 'பொழுதுபோக்கு' என்ற ஒரே சொல்லை வைக்கும்போது, முன்னவர் மகிழ்ச்சியைச் சாட்சியாகக் காட்டிப் பின்னவர் கூலி குறைக்கப்படுகிறது. 2024இல் நரசாபூரின் குரோஷா லேஸ் புவிசார் குறியீடு பெற்றது. ஊரின் பெயருக்குக் காப்பு கிடைத்திருக்கிறது. பின்னும் பெண்ணின் மணிக்கணக்குக்கு விலை கிடைப்பது அடுத்து நிகழ வேண்டியது.

இது கடந்தகாலத்துக் கதையன்று என்பதற்குச் சான்று தேடி முனிர்காவிலிருந்து வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள சரோஜினி நகர்ச் சந்தையில், ஏற்றுமதியில் மிஞ்சிய துணிகளுக்கு நடுவே குரோஷாச் சட்டைகளும் பைகளும் தொங்குகின்றன. இரட்டை ஊசிப் பின்னலை எந்திரம் எப்போதோ கைப்பற்றிவிட்டது. லேஸையும் எந்திரம் நெய்கிறது. குரோஷாவைப் போலத் தோன்றும் எந்திரத் துணிகளும் உண்டு. ஆனால் உண்மையான குரோஷாவைப் பின்னித் தரும் எந்திரம் எதுவும் இன்றுவரை ஆலைத் தொழிலுக்கு வரவில்லை. ஆகவே, ஒரு சட்டை மெய்யான குரோஷா என்றால், அதன் ஒவ்வொரு கண்ணியையும் எங்கோ ஒருவர் கையால் இழுத்திருக்கிறார் என்பது உறுதி. சில நூறு ரூபாய் விலைச்சீட்டிலிருந்து கடைக்காரர், மொத்த வணிகர், முகவர், நூல்விலை ஆகியோர் பங்கைக் கழித்துவிட்டு, மீதத்தைப் பின்னிய மணி நேரத்தால் வகுத்துப் பார்த்தால் வருவது நரசாபூரின் பழைய கணக்கிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதை வாங்குவோரே கண்டுகொள்ளலாம்.

மீண்டும் முனிர்காவின் பூங்கா. வெயில் சுவரோரம் ஒதுங்குகிறது. நாற்காலிகள் அதனோடு நகர்கின்றன. குழந்தைப் போர்வை பின்னும் பெண் வரிசையின் முடிவுக்கு வந்ததும் உதடு அசையாமல் எண்ணுகிறார். ஒரு கண்ணி குறைகிறது என்று கண்டு நூலை இழுத்துப் பிரிக்கிறார். வரிசையைத் திரும்பப் பின்னுகிறார். இப்போது எண் சரியாக இருக்கிறது. வீட்டுக்கு வரும் கணக்கெடுப்பாளர் 'வேலை செய்கிறீர்களா?' என்று கேட்கும்போதும் இதே கவனத்தோடு விடை சொல்லப்பட வேண்டும். அதே கவனத்தோடு அது படிவத்தில் எழுதப்படவும் வேண்டும்.